மஞ்சள் டேப் சுற்றிய ஒயர்

ஹேடோ, போர்ட் பிளேர்
புதன்கிழமை

அன்பு மகள் வைஜெயந்திக்கு, அம்மா விசாலாட்சி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைப் பற்றிக் கேட்காதே. மற்றதைப் படிப்பதற்கு முன்னால் ஒன்றைக் காதில் வாங்கிக்கொள். பக்தவத்சலம் மாமா கையில் ஒரு அட்டைப்பெட்டி வரும், நான் அனுப்பியதுதான். அதில் பெரிய ஃப்ளாஷ் ஒன்றும், நடுவில் மஞ்சள் டேப் சுற்றிய நீள ஒயரும், கேமரா தலையில் மாட்டுகிற சின்ன அடாப்டரும் இருக்கும். அந்த ஒயரை உன் கேமராவில் மாட்டாதே. மாட்டினால் கேமரா செத்துவிடும். மாமா எவ்வளவு வற்புறுத்தினாலும் மாட்டாதே.

நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது. உன் சிநேகிதி உமா மகேஸ்வரியை விட்டு நேற்றே உன் படப் பக்கத்துக்குச் செய்தி எழுதச் சொன்னேன், நீ இன்னும் திறக்கவில்லையாம். கோபப்படாதே, அவள் போனில்தான் உன் படங்களை நான் பார்க்கிறேன். போன மாதம் ஒரு நிச்சயதார்த்தம் எடுத்திருந்தாயே, அதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையெல்லாம் ஆரம்பித்தது. பெண் அழகாக இருக்கிறாள், சிரிப்பு வருகிற நேரம் பார்த்துப் பிடித்திருக்கிறாய், ஆனால் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்து மூக்குத்திக்குப் பதில் நெற்றி மின்னுகிறது, பின்னால் சுவரில் கறுப்பாக இன்னொரு தலை. ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தினால் இது வராது என்று நம் பஜார் ஸ்டுடியோ கிருஷ்ணமூர்த்தி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் ஸ்டுடியோவை மூடும்போது பழைய ஃப்ளாஷ் இரண்டை என் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குத் தள்ளிவிட்டுப் போனார். கனமான பொருள், அடித்தால் மண்டபம் முழுக்க வெளிச்சம். ஒன்றை உனக்கு அனுப்பலாம், பேசாமலே பேசிய மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

அதன் ஒயர் குட்டை, நுனியில் பழைய காலத்துச் சின்ன பின். உன் மாதிரிக் கேமராவில் அதற்கு ஓட்டையே கிடையாது. நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், கப்பல் வந்தால்தான் சரக்கு, அதுவரை வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன், ஒன்றை வெட்டி இன்னொன்றோடு சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்துவிடுவேன். ஊரே இதை ஜுகாட், இருப்பதை வைத்து ஒப்பேற்றும் சாமர்த்தியம் என்று மெச்சும். அதே கையால் இரண்டு ஒயரைச் சேர்த்து நீளமாக்கி, மஞ்சள் டேப் சுற்றி, அடாப்டரையும் கோத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திவிட்டது என்ற சந்தோஷத்தில் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கப்பல் கிளம்புகிற அவசரத்தில் மாமா கையில் கொடுத்துவிட்டேன். கொடுத்ததோடு விட்டேனா, பொருள் போய்ச் சேர்ந்தால் எரியவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆள் திரும்ப வேண்டும் என்பது நம் கடைப் பழக்கம் இல்லையா, அதையும் சொல்லி அனுப்பினேன். அவரும், பிள்ளை மாட்டி ஒரு படம் எடுத்து அதை என் கண்ணால பாத்துட்டுத்தான் அங்கேர்ந்து நகருவேன் தாயி என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். கப்பல் வெள்ளிக்கிழமை சென்னையில் ஒதுங்கும். நடுக்கடலில் சிக்னல் இல்லை, கரை இறங்கிய பிறகும் அவர் போனை எடுக்கிற ஆள் இல்லை, இறங்கியதும் நேரே உன் வாசலுக்குத்தான் வருவார்.

கப்பல் போன அன்று சாயங்காலமே வண்டூரிலிருந்து அந்த வங்காளிப் பையன் வந்தான், கடற்கரையில் டூரிஸ்டுகளைப் படம் எடுப்பானே, அவன். அவனுக்கும் இதே போல வேண்டும் என்றான். இன்னொரு ஃப்ளாஷை எடுத்து, அதே மாதிரி ஒயர் கட்டி, ஷோகேசில் விற்பனைக்கு வைத்திருந்த கேமராவில் மாட்டிக் காட்டினேன். முதல் தடவை பளிச்சென்று அடித்தது, அவன் கை தட்டினான். இரண்டாவது தடவை அமுக்கினேன், திரை கறுத்துவிட்டது, பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. பேட்டரி மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தீதி, யே தோ கயா என்றான் அவன். அக்கா, இது போச்சு என்று அவன் சொன்னது எனக்கு உன் கேமராவைச் சொன்ன மாதிரி இருந்தது.

கிருஷ்ணமூர்த்தியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஏம்மா, இது ஃபிலிம் காலத்து ஃப்ளாஷு, அந்தக் காலத்துக் கேமராவுக்குள்ள ரெண்டு தகடு தொட்டுப் பிரியும், அவ்வளவுதான், என்ன வந்தாலும் தாங்கும், இப்போ வர்றதுக்குள்ள பூரா எலக்ட்ரானிக்ஸ், அது தாங்குமா, ஊருக்கெல்லாம் ஒயர் விக்கிற நீ மீட்டர் வச்சுப் பாக்க வேண்டாமா என்று கடையில் ஆள் இருக்கும்போதே கேட்டார். மீட்டரை எடுத்து அந்த ஒயர் நுனியில் வைத்தேன். இருநூறு வோல்ட்டைத் தாண்டிப் போனது, வீட்டு பல்பு எரிகிற அளவு. அதே அளவுதான் உனக்கு வருகிற பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

எனக்கு என்ன பயம் என்று உனக்குப் புரியும். ஏர்போர்ட் வாசலில் நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. நான் போட்ட சங்கிலியை விற்று அந்தக் கேமராவை வாங்கினாய் என்ற ஆத்திரத்தில், அது எரிஞ்சு போனாத்தான் உனக்குப் புத்தி வரும் என்று எல்லாரும் பார்க்கச் சொன்னேன். இப்போது நான் அனுப்பிய பொருளை மாட்டி அது எரிந்தால் நீ என்ன நினைப்பாய்? அம்மா வேணும்னே செஞ்சுட்டா என்றுதானே. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் நீ படம் எடுக்கிற முதல் கல்யாணம் என்று உன் படப் பக்கத்தில் போட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை கேமரா போனால் ஞாயிற்றுக்கிழமை எதை வைத்து எடுப்பாய்? நேற்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இன்று கடையே திறக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது பாராடாங் பள்ளிக்கூடத்து தமிழரசி டீச்சர், கண் ஆஸ்பத்திரிக்காக நாளை விமானத்தில் வருகிறார். முதலில் உன் வீடு, பிறகுதான் ஆஸ்பத்திரி என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறேன். அவர் கையில் ஒரு சின்ன டப்பா கொடுத்திருக்கிறேன், ரேடியோ டிரிகர், ஒரு ஜோடி. ஒன்று கேமரா தலையில் உட்காரும், இன்னொன்று ஃப்ளாஷோடு குட்டை ஒயரில் சேரும், நடுவில் காற்றுதான், ஃப்ளாஷின் கரண்ட் கேமராவுக்கு வர வழியே கிடையாது. ஃப்ளாஷ் பக்கம் இருப்பது முந்நூறு வோல்ட் வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது, ஆனால் இந்த முறை டப்பாவை நம்பவில்லை. கிருஷ்ணமூர்த்தி தன் சொந்தக் கேமராவைக் கொடுத்தார், கை ஓயும்வரை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். மாமா எரியவிட்டுப் பார்க்காமல் போக மாட்டார், அவருக்கு இதை மாட்டி ஒரு படம் எடுத்துக் காட்டு. ஷட்டரை நூற்று இருபத்தைந்தில் வை, வேகமாக வைத்தால் பாதிப் படம் கறுத்துவிடும். ஃப்ளாஷின் அடியில் பச்சை பிடித்திருந்தால் நம் ஊர் உப்புக்காற்றுதான், பென்சில் ரப்பரால் தேய். டிரிகர் இரண்டுக்கும் உபரி பேட்டரி வைத்துக்கொள். அதையும் மீறி ஒயர் வேண்டும் என்று தோன்றினால், கரண்டைத் தடுக்கிற அடாப்டர் தனியாக வருகிறது, ரிச்சி தெருவில் கேள், உன் கண் முன்னால் மீட்டர் வைத்துக் காட்டினால் வாங்கு, இல்லாவிட்டால் எழுந்து வா. ஒரு கம்பெனிக் கேமராவுக்கு உள்ள ஒயர் இன்னொன்றின் தலையிலும் உட்காரும், உட்காருகிறதே என்று வாங்காதே, நான் அப்படிப் பார்த்துத்தான் இங்கே வந்து நிற்கிறேன். சுருள் ஒயரும் வேண்டாம், நீ நகர்ந்தால் ஸ்டாண்டை இழுத்துச் சாய்க்கும். நேர் ஒயர் என்றால் தரையில் டேப் போட்டு ஒட்டு, கல்யாண வீட்டில் யாராவது புடவை தடுக்கி விழுந்தால் பழி உன் மேல்தான்.

அரசாங்க வேலையை விட்டது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் நீ தோற்று வர வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, அன்றைக்கு அந்த வாய் பேசியபோதுகூட. சங்கிலிப் பேச்சை இனி எடுக்க மாட்டேன்.

பேச விருப்பம் இல்லாவிட்டால் பேச வேண்டாம். என் கடை எண் அதேதான், ஒரு மிஸ்டு கால் கொடு, கேமரா பிழைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன். பெட்டி முந்திக்கொண்டு எரிந்துவிட்டது என்றால் இரண்டு தடவை கொடு. நான் கடையைப் பூட்டிவிட்டு, உன்னுடையதைப் போலவே ஒரு கேமராவோடு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்து நிற்பேன். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன், உள்ளே கூப்பிட வேண்டும் என்று இல்லை. மணியே அடிக்காமல் மட்டும் இருந்துவிடாதே கண்ணு, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

காஞ்சிபுரம் கல்யாணம் நல்லபடியாக முடிந்து, உன் கை எடுத்த படத்தை நாலு பேர் தேடி வந்து கேட்க வேண்டும், எந்தக் குறையும் இல்லாமல் நீ இருக்க வேண்டும். டீச்சருக்குக் காபி கொடுத்து அனுப்பு, கண் தெரியாமல் படி ஏறி வந்திருப்பார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும்,
உன் அம்மா
விசாலாட்சி