கொரம்பை அறுத்ததாக ஒரு காகிதம்

வீரபாண்டி
ஈசுவர வருஷம் ஆனி 6, ஞாயிறு

போடியில் இருக்கும் தம்பி செல்லப்பாண்டிக்கு அக்காள் மாயக்காள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நான் சொல்லச் சொல்ல ஜெபராணி டீச்சரம்மா எழுதுகிறார்கள்.

உன் மச்சான் போய் ஒன்பது நாளாகிவிட்டது. நீ சுடுகாட்டுக்குக்கூட வரவில்லை. போலீஸ் பயம் என்றார்கள். இருக்கட்டும். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நேற்று உன் சரளைக் குத்தகையைப் பார்க்கும் மேஸ்திரி ராக்கையா ஒரு காகிதம் கொண்டுவந்தான். "முதலாளி சொன்னாக, ஒரு கைநாட்டு வச்சாப் போதும் ஆத்தா" என்றான். எனக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனால் டீச்சரம்மா வீடு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. அதை நீயும் மறந்துவிட்டாய், அவனும் மறந்துவிட்டான்.

ஆற்றுத் தடுப்பான கொரம்பை முந்தின நாளே அறுத்துவிட்டதாகவும், உன் மச்சான் ஒச்சாண்டி கள்ளைக் குடித்துவிட்டுத் தானாகப் போய்ச் சரளைக் குழியில் விழுந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறது. காப்பித் தண்ணிகூடக் குடிக்காத மனுஷன் தம்பி அவர். உனக்குத் தெரியாதா?

அன்றைக்குக் கூடையோடு நானும் கரையில்தானே நின்றேன். பெரியாற்றுத் தண்ணீர் வரப்போகிறது என்று புதன்கிழமையே தண்டோரா போட்டாயிற்று. தழையும் மண்ணும் போட்டு ஆற்றை மறித்த கொரம்பை அறுத்து, குழியையும் மூடிவிட்டுக் கரையேற வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. சாயங்காலந்தோறும் அதைத் திறந்து கீழ்வயல்காரர்களுக்குத் தண்ணீர் விடச் சொன்னதையே நீ கேட்கவில்லை. "இன்னும் ரெண்டு நாளு சரளை கழுவணும், அறுக்காதீக மச்சான்" என்றாய். மைத்துனன் பேச்சைத் தட்டாமல் அவர் சல்லடையோடு இறங்கினார். இடுப்பளவுக்கு மேல் தோண்டாதே என்று ஓவர்சியர் சொல்லிப் போன குழி, ஒன்றரை ஆள் ஆழம் கிடந்தது. பெரியாற்றுத் தண்ணீர் வந்து மோதிக் கொரம்பு உடைந்தபோது நான் கத்தினேன். நீயும் கத்தினாய், அதை நான் மறைக்க மாட்டேன். சரளையைக் கிளறித்தான் அவரை எடுத்தார்கள்.

நம் ஆத்தா செத்தபோது உனக்கு இரண்டு வயது. இடுப்பைவிட்டு இறக்காமல் உன்னை வளர்த்தேன். உன்னை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு ஆசையா? ஆனால் குடித்துச் செத்தார் என்று நானே கைநாட்டு வைத்துவிட்டு, என் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

காகிதத்தைக் கைநாட்டு வைக்காமலே ராக்கையாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பெரியகுளத்தில் விசாரணை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லப்போகிறேன்.

மறுநாள் சனிக்கிழமை கருமாதி. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எனக்குப் போட உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? நான் விசாரணையில் சொன்னது உன் காதுக்கு வந்த பிறகும் நீ வர வேண்டும். வாசலில் ஒருவரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். விலையான சேலை வேண்டாம், சாதா வெள்ளையே போதும். உன் கையால் போடு தம்பி.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

அக்காள்
மாயக்காள்