ஷவரின் ஒற்றைக் கண்

மாப்பிள்ளைக்கு,

சோப்புப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் விருந்தாளிகள் முன்னால், "மாமா, குழாயைக் குடைஞ்சது போதும், சும்மா உட்காருங்க" என்று சொல்லிச் சிரித்தீர்கள். உட்கார்ந்துவிட்டேன். வாராவாரம் ஷவரின் கண்களை ஊசியால் குத்தி உப்பெடுத்த கை இது. அதுவும் உட்கார்ந்துவிட்டது.

நம் தண்ணீர் சும்மா இருக்குமா? நேற்று ஒரு பல்லி இரண்டு சொட்டுக் குடித்தது. அப்படியே கல்லாகிச் சுவரில் நிற்கிறது. உங்கள் துண்டை அதில்தான் மாட்டியிருக்கிறேன்.

ஷவரில் ஒரே ஒரு கண்தான் பாக்கி. அதுவும் கண்ணாடியைத்தான் குளிப்பாட்டும். சாயங்காலம் உங்கள் மேலதிகாரி வருகிறாராமே, பளிச்சென்று நில்லுங்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
சும்மா உட்கார்ந்திருக்கும் மாமனார்

மறந்துவிட்டேன்: தண்ணீர் போதவில்லையென்று மெயின் வால்வைத் திருகாதீர்கள். வீட்டுக்கும் அதற்கும் ஒரே வயசு. உப்பேறி இறுகிக் கிடக்கிறது, பலத்தைக் காட்டினால் கையோடு வந்துவிடும்.

திருகிவிட்டீர்களா? பிளம்பரைத் தேட வேண்டாம், என்னோடு சீட்டாடிக்கொண்டிருப்பார். "மாமா, நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் இருவரும் வருகிறோம்.

மேலதிகாரி வந்து உட்கார்ந்த பிறகு, அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.