பேனாக் கோடு

என்னங்க,

கால் எப்படி இருக்கு? இப்ப உங்ககூட இருக்கிறாளே, அவ வேலைக்குப் போறா, பார்த்துக்க ஆளில்லைன்னு வீங்கின காலோட இங்க வந்தீங்க. நர்ஸம்மா கால்ல சிவந்திருந்த இடத்தைச் சுத்திப் பேனாவால கோடு போட்டாங்க. சிவப்பு அதைத் தாண்டுதான்னு தினமும் நான்தான் பார்த்தேன். தாண்டலை, சுருங்கிடுச்சு.

"நல்லா ஆறிடுச்சு. சாப்பிட்ட அஞ்சு நாள் மாத்திரையே போதும்"னார் டாக்டர்.

"பத்து நாளைக்கு எழுதிக் குடுங்களேன்"னு கேட்டேன்.

"குணமானப்புறம் எதுக்கும்மா?"

நீங்க வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தீங்க. நான் உங்களைத்தான் பார்த்தேன். அன்னைக்குச் சாயங்காலமே கிளம்பிட்டீங்க.

காலுக்கு வச்ச தலையணை அப்படியே கிடக்கு. அழுகைகூட வரலை. ஒண்ணும் ஓடலை.

மறுபடி சிவந்தா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட போங்க. அங்க போற வழியிலதான் நம்ம வீடு.

இன்னமும்,
உங்க வீட்டுக்காரி