அம்மாவுக்குக் காதல் கதை வாசிப்பவள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். தலை நரைக்கும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த காது அது. நான் மாடிப்படியில் போய் நின்று பேசிவிட்டு வந்தாலும், "என்னைப் பத்தி அவகிட்ட என்ன வத்தி வச்சே?" என்று கேட்கிறாள். மெசேஜ் அனுப்பினால் நீ ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அம்மாவின் கண் கொஞ்சம் மோசமாகியிருக்கிறது. பார்வையின் நடுவில் இருக்கும் கறுப்பு பெரிதாகிவிட்டது என்றார் டாக்டர். ஓரங்களில் தெரிவதால் வீட்டுக்குள் நடமாடுகிறாள். ஆனால் நேராகப் பார்த்தால் முகம் தெரிவதில்லை. என்னிடம் பேசும்போது என் காதுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலப் பார்த்துப் பேசுகிறாள். பழகிவிட்டது. நான் வேலையில் இருக்கும்போது எதிர் வீட்டு டீச்சர் வந்து எட்டிப் பார்க்கிறார். போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, முட்டி மட்டும் வீங்கியது. எங்கள் ஸ்கேன் சென்டருக்கே கூட்டிப்போய் நானே எக்ஸ்ரே எடுத்தேன். "அசையாம இருங்க, அப்படியே இருங்க" என்று மற்றவர்களிடம் சொல்வதுபோலவே அவளிடமும் சொன்னேன் போலிருக்கிறது. "நாள் பூரா இதையேதான் சொல்லுவியா? உனக்கு அலுக்கலையாடி?" என்றாள்.

அலுக்கிறது அக்கா.

நீ பார்சலில் அனுப்பிய நாவல்கள் எல்லாம் முடியப்போகின்றன. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தயாராகிவிடுவாள். நான் வாசிக்க வேண்டும். எல்லாக் கதையிலும் அவன் ஆறடி உயரம், பெரிய கம்பெனிக்கு முதலாளி. முதல் அத்தியாயத்தில் அவளை முறைக்கிறான், பாதிக் கதையில் மழை பெய்கிறது, இருவரும் எங்கேயோ மாட்டிக்கொள்கிறார்கள். முத்தம் வரும் பக்கங்களை நான் சத்தமில்லாமல் தாண்டிவிடுவேன். அதையும் கண்டுபிடித்துவிடுகிறாள். "இப்பதானே அவ ரூமுக்குள்ள போனா, அதுக்குள்ள எப்படி விடிஞ்சுது?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? பக்கத்தைத் திருப்பி, செய்தி வாசிப்பது போன்ற குரலில் அந்த முத்தத்தை வாசித்து முடித்தேன்.

அம்மாவுக்காக வாசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாலும் எனக்கும் அந்தக் கதைகள் வேண்டியிருக்கின்றன. அவற்றில் யாரும் களைத்துப்போவதில்லை. கதாநாயகி துணி துவைப்பதில்லை, பஸ்ஸுக்கு நிற்பதில்லை. அவளுக்கு ஒரு அம்மா இருந்தால், இரண்டாம் பக்கத்துக்குள் செத்துப்போயிருப்பாள். இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

நீ போன தடவை வந்தபோது என் போனில் வரன் தேடும் ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாயே, அதைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். நானும் "பாக்கறேன், பாக்கறேன்" என்று மழுப்புகிறேன். இப்போது சொல்கிறேன். உன் கல்யாணத்தில் எடுத்த என் படத்தை நீ போட்டிருந்ததால் வந்தவர்களெல்லாம் அந்தச் சின்னப் பெண்ணைத் தேடித்தான் வந்தார்கள். ஒருவர் கண்ணாடி போடாத படம் கேட்டார், பிறகு நின்றபடி எடுத்த படம் கேட்டார், அதோடு காணாமல் போனார். மற்றவர்கள் என்ன வேலை, வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள். அம்மாவோடு இருக்கிறேன், அம்மாவுக்குப் பார்வை சரியில்லை என்று எழுதுவேன். அந்தப் பக்கம் மூன்று புள்ளிகள் ஆடும், நிற்கும், மறுபடி ஆடும். பதில் வராது. ஒவ்வொரு புது ஆளிடமும் என் வாழ்க்கையை முதலிலிருந்து சொல்வது, தினமும் ஒரே படிவத்தை நிரப்புவதுபோல ஆகிவிட்டது.

நடுவில் ஒருவன் நன்றாக எழுதினான். என் கண்ணில் ஒரு சோகம் இருக்கிறதாம், அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது எங்கள் ரிசப்ஷன் பெண், "இதைக் கேளுங்கக்கா, எப்படி எழுதறான் பாருங்க" என்று தன் போனிலிருந்து வாசித்தாள். வரிக்கு வரி அதே சோகம். என் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். இரண்டு பேரும் புரையேறும்வரை சிரித்தோம். அவனுடைய அடுத்த வரிக்காக நான் ஒவ்வொரு எக்ஸ்ரேவுக்கும் இடையில் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

இனி நான் எழுதப்போவதை இதுவரை உன்னிடம் மறைத்திருந்தேன். ஒருவர் இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். முதல் மனைவி பிரிந்துபோய்ப் பல வருடம் ஆகிறது, குழந்தைகள் இல்லை. "எனக்கு டைப் பண்ண வராதுங்க, போன்ல பேசலாமா?" என்பதுதான் அவர் அனுப்பிய முதல் மெசேஜ். பேக்கரியில் சந்திப்பதாகப் பேச்சு. ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். எங்கோ ஒரு லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்களாம். கையெல்லாம் கிரீஸ். அப்படி மாட்டிக்கொள்கிறவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "பேசிட்டே இருக்கணுங்க, இல்லேன்னா பயந்துடுவாங்க. வீட்ல இன்னிக்கு என்ன சமையல்னு கேப்பேன்" என்றார். நான் அன்றைக்குச் சிரித்ததுபோல் சிரித்து வெகுகாலம் ஆயிற்று.

சனிக்கிழமைகளில் எனக்கு அரை நாள்தான் வேலை. அம்மாவிடம் கூட்டம் அதிகம் என்று பொய் சொல்லிவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. என் கண்ணில் சோகம் எதையும் அவர் பார்க்கவில்லை. "கண்ணாடி ஒரு பக்கமா இறங்குது, குடுங்க" என்று வாங்கி, சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து முடுக்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் அக்கா எங்கள் காதல் காட்சி.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். அவர் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாகிவிட்டது. அதனால் அவரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாகவும், அம்மாவைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நான்தான் அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லாமல் தள்ளிப்போட்டேன்.

இந்த மாதம் வாசித்த நாவலில் கதாநாயகி படுக்கையிலிருக்கும் அத்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அவன் ரயில் நிலையத்தில் நிற்கிறான். இவள் கிளம்பாமல் அழுகிறாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "போடி பைத்தியக்காரி, கிளம்பு! அத்தை என்ன, செத்தா போயிடுவா?" என்று நாற்காலியின் கையைத் தட்டினாள். நான் புத்தகத்தை மூடிவிட்டு, "அம்மா, எனக்கும் ஒருத்தர் காத்திட்டு இருக்கார்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா தட்டிக்கொண்டிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "மூஞ்சி தெரியாத ஆம்பளை வீட்டுக்குள்ள நடமாடினா நான் எப்படிடி இருப்பேன்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "எனக்கு யாரு படிச்சுக் காட்டுவா?" என்றாள்.

அடுத்த சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாசிக்கவும் கூப்பிடவில்லை. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் பயந்துபோயிருந்தாள் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு சாயங்காலம் தானாகவே, "அந்தப் பொண்ணு ரயில் ஏறினாளா இல்லையா?" என்று கேட்டாள். மீதிக் கதையை வாசித்தேன். ஏறிவிட்டாள். அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டு, "உன் ஆளு உயரமா?" என்றாள்.

இல்லை, என் உயரம்தான், முன்பக்கம் முடிகூடக் கொட்டிவிட்டது என்றேன்.

"அப்ப ஓடிப்போக மாட்டான்" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பெரியவளை வரச் சொல்லு. அவ வந்து பக்கத்துல இருந்தா, அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிடு. பாக்கலாம்" என்றாள். பார்க்கலாம் என்ற சொல்லை அம்மா எப்படிச் சொன்னாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

இதை உன்னிடம் போனில் அவள் சொல்லவே மாட்டாள். நீ கேட்டால் நாங்கள் சௌக்கியம், நீ உன் வேலையைப் பார் என்றுதான் சொல்வாள். அவர் அவசரப்படுத்தவில்லை. போன சனிக்கிழமை, "நான் இருக்கேங்க. ஆனா நாம ரெண்டு பேரும் சின்னப் பசங்க இல்லை" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டேன்.

அக்கா, நீ தூரத்திலிருந்து செய்ய முடிந்ததையெல்லாம் செய்திருக்கிறாய். எனக்கு ஆள் தேடினாய், அம்மாவுக்குக் கதை அனுப்பினாய். இனி பார்சல் வேண்டாம். குழந்தைகளின் விடுமுறைக்கு வா. ஒரு வாரம் வந்து போகிற வருகையாக இல்லாமல் விடுமுறை முழுவதும் இரு. அம்மாவின் பக்கத்து நாற்காலியில் நீ உட்கார். அவர் கதவைத் தட்டும்போது, வருவது யார், எப்படி இருக்கிறார், என்ன நிறச் சட்டை என்று அம்மாவின் காதில் நீ சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள். எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். டிக்கெட் எடுத்ததும் முதலில் அம்மாவுக்குச் சொல், அவள் எனக்குச் சொல்லட்டும். நீ நேராக என்னைக் கூப்பிட்டுச் சொன்னால் நான் வேலை நேரத்தில் அழுதுவிடுவேன். வெளியே வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
தங்கை