சவரிக்கு ஹாலந்து சேதி

என் ஆரஞ்சு பனியன் மச்சானே, சவரி,

கெட்ட விலையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் வியாபாரப் பழக்கம். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹாலந்து ஃபைனலில் தோற்றுவிட்டது. ஆமாம், மறுபடியும்.

நம்ம பையன்கள் பொங்கலுக்கு ஃபுட்பால் டோர்னமென்ட் நடத்துகிறார்கள். மலர் ஒன்று போடுகிறார்களாம். அதில் என் நண்டு கம்பெனிக்கு முழுப் பக்க விளம்பரம் கேட்டு வந்தார்கள். "நண்டுக்கு எதுக்குடா விளம்பரம், அது தானா நடந்து போவுது" என்றேன். போக மாட்டேன் என்று நின்றார்கள். சரி, பக்கத்தை வாங்கிக்கொள்கிறேன், ஆனால் நான் எழுதுவதைத்தான் போட வேண்டும் என்று பேசி முடித்தேன். ஆக, இது உனக்கு எழுதுகிற கடிதம். ஊரும் கூட இருந்து படிக்கும். அதனால் உனக்குத் தெரிந்ததையே இடையிடையே திரும்பச் சொல்வேன், கோவித்துக்கொள்ளாதே.

வியாசர்பாடிப் பக்கம் போனால் சுவரெல்லாம் பிரேசில் ஃபுட்பால்காரர்கள் படம். நம்ம பழவேற்காட்டில் மட்டும் ஏன் ஹாலந்து? காரணம் நீதான். ஹாலந்திலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் உன் படகில் ஏரியைச் சுற்றிப் பார்த்தார். பூநாரை பார்த்தார். டச்சுக் கல்லறைக்குள் போய்த் தன் ஊர்ப் பெயர்களைக் கல்லில் தடவித் தடவிப் படித்தார். திரும்பும்போது மழை. நீ உன் பிளாஸ்டிக் தாளை அவருக்குப் போர்த்திவிட்டாய். அவர் பையிலிருந்த ஆரஞ்சு பனியனை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் போட்டுக்கொண்டு நீ என் ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று அறிவித்தாய்.

"டேய், இனிமே நம்ம டீம் ஹாலந்துதான். அவன் ஆளுங்க நம்ம மண்ணுலதானே படுத்துக்கிறாங்க? பொதைச்ச ஊருதாண்டா சொந்த ஊரு!"

நான் விடவில்லை. "இன்னாடா சொந்தம்? துணி வாங்க வந்தானுங்க, அப்படியே ஆளுங்களையும் வாங்கிக் கப்பல்ல ஏத்திக்கினு போனானுங்க. வியாபாரி சொல்றேன், அவனுங்க கணக்கே வேற."

"அது அவன் முப்பாட்டன் பண்ண பாவம். இவன் பந்தைத்தானே உதைக்கிறான்? அதுவும் கடைசி வரைக்கும் வந்து கோட்டை விடறான். நம்ம ஆளு மாதிரியே கீறான் மச்சான்."

இதற்கு மேல் உன்னோடு யார் வாதாடுவது? சைக்கிளில் ஐஸ் ஏற்றி விற்றுக்கொண்டிருந்த காலத்திலிருந்து எத்தனையோ பேரைப் பேசி மடக்கியிருக்கிறேன். உன்னை மட்டும் முடிந்ததில்லை.

முன்னால் ஒரு உலகக் கோப்பையில் ஹாலந்து போன அந்தப் பழைய ஃபைனல் அன்று காலையில் நாம் செய்த கூத்து இந்தப் பையன்களுக்குத் தெரியாது. பொன்னேரியிலிருந்து கூடை கூடையாகக் கனகாம்பரம் வரவழைத்தாய். ஆரஞ்சு நிறத்தில் நம்ம பக்கம் கிடைக்கிற ஒரே பூ அதுதான் என்றாய். டச்சுக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு ரெண்டு நிற்கிறதே, ரெண்டுக்கும் மாலை போடப் போனாய். காவல்காரர் ஓடி வந்தார்.

"யோவ், சிலை மேல எதுவும் போடக்கூடாதுய்யா!"

"சிலைக்கு இல்லீங்க, சாமி. உள்ள இருக்கிற சொந்தக்காரங்களுக்கு. இன்னிக்கு ஃபைனலு."

அவர் உன்னையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். "கீழ வெச்சிட்டுப் போ," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எந்தச் சேனல்ல போடறான்?" என்று கேட்டார்.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், முடியப் போகிற நேரத்தில் ஒரே ஒரு கோலில் தோற்றோம். அதை விடு. மறுநாள் காலைதான் எனக்கு முக்கியம். ஏரியில் வலை போட அன்று நம்ம ஆட்களின் முறை. பாடு என்று சொல்வோமே, அது. விட்டால் அடுத்த முறை வரும் வரை கரையில்தான் நிற்க வேண்டும். ஆனாலும் ஒருத்தனும் படகைத் தொடவில்லை. எல்லோரும் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹாலந்துக்காரன் தோத்தான்னு இறால் இன்னா லீவு போட்டுக்குதா? எழுந்திருங்கடா!" என்று நீ போட்ட சத்தத்தில் காக்கையெல்லாம் பறந்தது. அவர்களை ஏரிக்கு விரட்டிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தாய்.

"எதுக்குடா? ஜெயிச்சாதானே வரதா இருந்தோம்?" என்றேன்.

"ஜெயிச்சதை எவன் வேணா சொல்வான் மச்சான். தோத்ததை வீட்டு ஆளுதான் வந்து சொல்லணும்."

சொன்னாய். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தப் பெரிய பெரிய கல்லுக்கு நடுவில் நின்று, பஞ்சாயத்தில் பேசுகிற குரலில் சொன்னாய். "ஐயாமாருங்களே, ஒண்ணுக்கு சைபரு. நம்ம புள்ளைங்க நல்லாத்தான் ஆடினாங்க. கொஞ்சம் எதிராளி காலையும் சேர்த்து உதைச்சாங்க, பொய் சொல்லக்கூடாது." காவல்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துக்கம் சொல்லப் போன இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்தவர்கள் நாம் ரெண்டு பேராகத்தான் இருப்போம்.

அப்புறம் நீயும் ஒரு கல்லுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாய். டச்சுக்காரர்களோடு இல்லை, மாதா கோயில் கல்லறையில், லூர்து வீட்டுப் பின்பக்கம் நின்றால் தெரிகிற தூரத்தில்.

லூர்துவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: லூர்து மேரி, சவரியின் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, கருவாடு வியாபாரத்தில் என்னையே இறக்கி வாங்குகிற ஆள். மாரு ஒரு மாதிரி இருக்கிறது, பொன்னேரியில் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன், மடவை மீன் குழம்பு வை என்று சொல்லிவிட்டுத்தான் நீ ஆட்டோவில் ஏறினாய். அவள் வைத்தாள். அடக்கம் முடிந்த பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பூசைக்குக் கோயிலுக்கு வருவாள், கல்லறைக்கு வர மாட்டாள். மார்க்கெட்டுக்கு நேர்வழி அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போனாள்.

நான் கேட்டுப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன்.

"ஒரு எட்டு வந்துட்டுப் போயேம்மா."

"சாயங்காலம் வரேன்னு சொன்ன ஆளுதான் வரணும். நான் எதுக்குண்ணா போவணும்?"

"எப்பதான் வருவே?"

"அவரு டீமு கப்பு வாங்கட்டும். அன்னிக்கு வரேன், போய்ச் சொல்லு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாலந்து கப்பு வாங்குகிற அன்றைக்கு என்றால் வரவே மாட்டேன் என்று அர்த்தம். நானும் சிரித்த மாதிரி இருந்தேன். ஆனால் அன்றிலிருந்து ஹாலந்து ஆடுகிற ஆட்டத்தையெல்லாம் நான் விளையாட்டாகப் பார்க்கவில்லை, மச்சான். நஷ்டம் எனக்குப் பழகிப்போனது. லாரி கவிழ்ந்தாலும் ராத்திரி தூங்கிவிடுவேன். இந்த ஒரு கப்பு மட்டும் எனக்கு வேண்டும் என்று இருந்தது.

இப்போது நீ பாதி மட்டும் கேட்ட சேதி. இந்தத் தடவை உலகக் கோப்பை ஃபைனலுக்குப் போனது பெண்கள்! அதே ஆரஞ்சு, அதே ஹாலந்து, ஆடியது பெண்பிள்ளைகள். அரையிறுதி ஜெயித்த மறுநாள் லூர்து கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கே போய் நின்றேன்.

"தங்கச்சி, கப்பு வரப் போவுது. சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குதில்ல?"

"யாரு, ஆம்பளைங்களா?"

"இல்ல, பொம்பளைப் புள்ளைங்க."

குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். "அவங்களும் ஆடறாங்களா? இத்தினி நாளா சொல்லவே இல்ல நீங்க யாரும்!" என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். எனக்கே நாலு நாளைக்கு முன்னால்தான் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.

ஃபைனல் நல்ல நேரத்துக்கு வந்தது, ராத்திரிச் சாப்பாட்டு வேளை. என் கம்பெனி சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ப்ரொஜெக்டரில் ஆட்டத்தை ஓட்டினோம். நண்டு ஒரு அண்டா, சோறு ஒரு அண்டா. கனகாம்பரம் ரெண்டு கூடை வாங்கி ஈரத்துணி போட்டு ஐஸ் ரூமில் வைத்தேன். மறுநாள் காலையில் லூர்து முன்னால் நடக்க, ஊர்வலமாக உன்னிடம் வருவதாகத் திட்டம். ஆட்டத்துக்கு முன்னாலேயே பூ வாங்கி வைக்காதே என்று நீ சொல்லியிருப்பாய். இல்லை, நீ சொல்லியிருக்க மாட்டாய். நீயே அப்படித்தானே வாங்கினாய்?

ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு லூர்து வந்தாள். புடவைக்கு மேல் உன் ஆரஞ்சு பனியன்! இத்தனை நாள் எந்தப் பெட்டியில் வைத்திருந்தாளோ, பாச்சை உருண்டை வாசனையோடு வந்து என் ஐஸ் பெட்டி மேல், நீ ஏறி நின்ற அதே மாதிரிப் பெட்டி மேல், சட்டமாக உட்கார்ந்தாள்.

முதல் பாதி முழுக்க அமெரிக்காக்காரிகள்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். நம்ம பக்கம் கோல் காக்கிற கோலி ஒருத்தி, என்ன ஒரு ஆள் தெரியுமா! வலதில் விழுந்தாள், இடதில் விழுந்தாள், காலால் தட்டினாள். பாதி ஆட்டம் வரை ஒரு பந்து உள்ளே போகவில்லை. "அப்படித்தாண்டி! விடாதேடி என் ராஜாத்தி!" என்று லூர்து கத்தியது லைட்ஹவுஸ் வரைக்கும் கேட்டிருக்கும். ஃபுட்பால் பார்க்கிறவன் எல்லாம் வேலை வெட்டி இல்லாதவன் என்று நம்மைத் திட்டிய அதே வாய்.

ரெண்டாம் பாதியில் ரெஃப்ரீ ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓரமாக ஓடிப்போய், நடந்ததைத் திரும்பப் போட்டுக் காட்டுகிற ஒரு டிவியைப் பார்த்தாள். லூர்துவுக்கு வந்ததே கோபம்.

"நாமதான் டிவி பாக்கறோம். அவளும் டிவி பாத்தா அப்போ ஆட்டத்தை யாருண்ணா பாக்கறது?"

அமெரிக்காவுக்குப் பெனால்ட்டி. கோல். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ரெண்டுக்கு சைபர், முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஹாலந்து தோற்றது பாதி வருத்தம்தான். ஐஸ் ரூமில் இருக்கிற பூதான் நெஞ்சில் வந்து நின்றது. கடைசியில் லூர்துதான் பெட்டியிலிருந்து இறங்கினாள். "இன்னாத்துக்கு இப்படி உக்காந்துக்கினு இருக்கீங்க? நண்டு ஆறுது, வாங்க!" என்று கரண்டியைக் கையில் எடுத்தாள். அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டை ஜெயித்திருந்தால்கூட அப்படிச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். சோறு பத்தாமல் போய்விட்டது.

காலையில் நண்டு எடை போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் அவள் குரல்.

"பூ எங்கண்ணா?"

"கப்பு வரலியேம்மா," என்றேன்.

"வந்திருந்தா நீயே போய்ச் சொல்லிக்கலாம், ஊருக்கே வாய் இருக்குது. தோத்ததை வீட்டு ஆளுதாண்ணா சொல்லணும்."

நான் எடைத்தட்டைக் கீழே வைத்துவிட்டேன், சவரி. இது உன் வார்த்தை. அன்றைக்குக் கல்லறைக்குப் போகிற வழியில் நீ அதைச் சொன்னபோது என்னைத் தவிர யாரும் பக்கத்தில் இல்லை. நீ வீட்டில் போய் அவளிடம் சொன்னாயா? இல்லை, முதலிலேயே அவள் சொன்னதைத்தான் நீ உன் சரக்கு மாதிரி என்னிடம் தள்ளிவிட்டாயா? எனக்கு ரெண்டாவதுதான் சரி என்று படுகிறது. நல்ல சரக்கு எல்லாம் அவளிடமிருந்துதான் உனக்கு வந்தது.

அவள் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு நேர்வழியில் நடந்தாள். நான் இன்னொரு கூடையோடு பின்னால் போய், கல்லறை வாசலிலேயே நின்றுகொண்டேன். உன் கல் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். குழம்பு பற்றி முதலில் கேட்டாள். அது உங்களுக்குள். அப்புறம் ஆட்டம் முழுவதையும் சொன்னாள், கோலி எப்படி விழுந்தாள் என்று கையைக் காலை ஆட்டிக் காட்டிச் சொன்னாள். ரெஃப்ரீ டிவி பார்த்ததைச் சொல்லும்போது அவளே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பூவைக் கொட்டினாள். கல்லே தெரியவில்லை.

முடிக்கும்போது, "எனக்கு இதெல்லாம் எதுவும் புரியல. அண்ணன் கூப்ட்டாருனு சும்மா போய் உக்காந்தேன்," என்றாள் உன்னிடம்.

பொய், மச்சான்! பச்சைப் பொய். இதைச் சொல்லத்தான் ஒரு முழுப் பக்கம் வாங்கினேன். பனியன் போட்டுக்கொண்டு வந்ததை உன்னிடம் மறைத்துவிட்டாள். தொண்டை கட்டிப்போய் ரெண்டு நாள் கருவாட்டு விலையைக் கையால் காட்டியதையும் மறைத்துவிட்டாள். இப்போது ஊரே படிக்கட்டும்.

இன்னொரு கூடையை டச்சுக்காரர்களுக்குக் கொண்டுபோனோம். காவல்காரர் மாறிவிட்டார். புது ஆள், "என்ன விசேஷம்?" என்றார். "தோத்துட்டோம்," என்று லூர்து சொன்ன குரலைக் கேட்டு அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் அவள் மார்க்கெட்டுக்கு நேர்வழியில்தான் போகிறாள். போகிற போக்கில் உன் பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போகிறாளாமே, கேட்கிறதா? இந்த டோர்னமென்டில் பெண்பிள்ளைகளுக்கும் ஆட்டம் வைத்தால்தான் நண்டு கம்பெனி கப்பு கொடுக்கும் என்று சொல்லிவிட்டேன். சொல்லச் சொன்னது யார் என்று உனக்குத் தெரியும்.

ஒன்று உறுதி, சவரி. இனி ஹாலந்து எத்தனை ஃபைனல் தோற்றாலும், மறுநாள் வெயில் ஏறுவதற்குள் நானும் லூர்துவும் வந்து உன்னிடம் சொல்லுவோம். ஒருவேளை ஜெயித்துவிட்டால்? அது எங்களுக்குப் பழக்கமில்லை. பூவோடு வந்து நின்று, என்ன செய்வது என்று உன்னையே கேட்டுக்கொள்கிறோம்.

உன் மச்சான், உன் லூர்துவுக்கு அண்ணன்,
நண்டு கம்பெனி எத்திராஜ்
பழவேற்காடு