அவசரம் தெரியக் கூடாது

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீ சுகமா என்பதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் பழைய அறை நண்பனின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். ஏன் உனக்கு நேராக அனுப்பவில்லை என்பது படித்துக்கொண்டு போனால் புரியும். நூலகத்தின் வாசிப்பு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடி வெட்டிக்கொள்ளப் போவதாக உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும்போது உண்மையிலேயே வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வேன்.

அம்மாவின் முழங்கால் தேறிவிட்டது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. வாக்கரை விட்டுவிட்டு இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் உன் மனைவி அவளைப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள். காலை இன்னும் கொஞ்சம் மடக்குங்கள் என்று சொல்கிற பெண்ணை உன் அம்மா வாய்க்கு வந்தபடி திட்டுகிறாளாம். அந்த அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் நியமனப் பிரிவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைச் சரிபார்த்தவனுக்கு வேறு மாதிரி எழுத வராது. ஆபீஸில் எனக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்திருந்தது உனக்கும் தெரியும்.

முதலில் உன் மனைவி மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, காலை வேலைகள் முடிந்ததும் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். உள்ளே கம்ப்யூட்டர் தட்டும் சத்தம் கேட்கும். நடுவில் மெல்லிய குரலில் எதையோ வாசிப்பாள், நிறுத்துவாள், மறுபடி தட்டுவாள். கேட்டால், "வேலைதான் மாமா" என்பாள். என்ன வேலை என்றால், "கெடைச்சதும் சொல்றேன்" என்பாள். கிடைக்காத வேலைக்கு யாரிடம் இவ்வளவு வாசித்துக் காட்டுகிறாள் என்று எனக்குள் ஓடியது.

ஒருநாள் டீ கொடுக்கும் சாக்கில் உள்ளே போனேன். அவள் எழுந்து கப்பை வாங்குவதற்குள் திரையில் நாலு வரி என் கண்ணில் பட்டுவிட்டது. 'என்னை ரொம்பப் புகழ வேண்டாம். ஆசையாக இருக்கிறேன், ஆவலாக இருக்கிறேன் என்றெல்லாம் எழுதாதே. அவருக்கு என்ன தேவையோ அதிலிருந்து ஆரம்பி. என்னைப் பற்றிப் பிறகு சொல்லலாம்.'

யார் அந்த அவர்? இவளுக்காக அவருக்கு எழுதிக் கொடுப்பது யார்? உன் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. கால் வலியோடு இந்த வலியும் எதற்கு என்று விட்டுவிட்டேன். மூன்று நாள் கூடத்து நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பொறுக்க முடியாமல், "யாருக்கும்மா எழுதற?" என்று கேட்டேவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எதற்காகக் கேட்கிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ நாற்காலியை என் பக்கம் தள்ளி, "உக்காருங்க மாமா, காட்டறேன்" என்றாள்.

விஷயம் இதுதான். வீட்டு வரைபடம் வரைந்து தரும் வேலைகளை ஃப்ரீலான்ஸாகக் கொடுக்கிற இணையதளம் ஒன்று இருக்கிறது. எங்கெங்கோ இருப்பவர்கள், 'எனக்கு இப்படி ஒரு பிளான் வேண்டும்' என்று விளம்பரம் போடுகிறார்கள். வேலை வேண்டும் என்பவர்கள் ஆளுக்கு ஒரு கவர் லெட்டர் அனுப்ப வேண்டும். கட்டட வரைபட ஆபீஸில் நாலு வருஷம் வேலை பார்த்தவள்தானே அவள். அந்தக் கடிதங்களை ஏஐ என்கிற கம்ப்யூட்டர் எழுதித் தருகிறது. இவள் தமிழில் சொன்னால் அது ஆங்கிலத்தில் எழுதுகிறது. நான் பார்த்த நாலு வரி அதற்கு இவள் கொடுத்த குறிப்பு. பிராம்ப்ட் என்று பெயராம்.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. நாம் சொல்வதையெல்லாம் அது எங்கே கொண்டு போய் வைக்கிறது, யார் படிக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றாள். தெரியாமல் எப்படிச் சொல்கிறாய் என்றேன்.

முதலில் எழுதிய கடிதங்களைக் காட்டினாள். அறுபத்து நாலு அனுப்பியிருந்தாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஒன்றைப் படித்தேன். 'மிகுந்த உற்சாகத்துடன் விண்ணப்பிக்கிறேன். கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் கொண்ட நான்' என்று போகிறது. "இந்த ஆள எனக்குத் தெரியும்மா. முப்பத்தோரு வருஷமா எங்க ஆபீஸுக்கு அப்ளை பண்ணிட்டே இருந்தான்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"தப்பு அதோடது இல்ல மாமா. நான் அதுகிட்ட ஒண்ணுமே சொல்லல. நல்ல கவர் லெட்டர் ஒண்ணு குடுன்னேன். ஊருக்கெல்லாம் குடுக்கறத எனக்கும் குடுத்துச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு அவளே முறையை மாற்றிக்கொண்டிருக்கிறாள். விளம்பரத்தை முழுசாக அதன் முன் வைக்கிறாள். தான் செய்த வேலையில் அதற்குப் பொருந்துவதை மட்டும், நடந்தது நடந்தபடி சொல்கிறாள். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே, தெரியாவிட்டால் என்னைக் கேள் என்று கடைசியில் ஒரு வரி. சும்மா விட்டால் அது ஏழு வருஷ அனுபவம், இரண்டு பரிசு என்று அளந்துவிடுகிறதாம். இந்த இடத்தில்தான் என்னைச் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொரு கடிதமும் போவதற்கு முன் வருஷம், அளவு எல்லாம் சரியா என்று பார்ப்பது என் பொறுப்பு. அந்த ஏஐ மேல் எனக்கிருந்த சந்தேகம் கடைசியில் உபயோகப்பட்டது. எட்டுக் கடிதத்தில் பதினொரு பொய் பிடித்தேன்.

போன மாதம் ஒரு அம்மாள் விளம்பரம் போட்டிருந்தாள். அவள் கணவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார், அவரே சமைக்கும்படி சமையலறையை மாற்ற வேண்டும் என்று. உன் மனைவி ஏஐயிடம், தன் மாமியாருக்கு வாக்கர் வந்தபோது பாத்ரூம் கதவு உள்பக்கம் திறந்ததால் வாக்கரைத் திருப்ப இடமில்லாமல் போனதையும், தானே அளந்து வரைந்து தச்சரை வைத்து அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றியதையும் சொன்னாள். அது திருப்பிக் கேட்டது, உட்கார்ந்தபடி கை எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்த்திருக்கிறீர்களா என்று. இவள் நேராகச் சமையலறைக்குப் போய் மேடைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் டேப்பைப் பிடித்தேன். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, "மாமனாருக்கும் மருமகளுக்கும் என்ன ஆச்சு?" என்றாள்.

இரண்டே நாளில் பதில் வந்தது. வேலை கொடுப்பதாக இல்லை. ஒரு கேள்வி மட்டும் இருந்தது. மூன்று வருஷமாக நீங்கள் ஏன் எங்கும் வேலை பார்க்கவில்லை என்று.

அன்று பயிற்சி நாள். பதிலைத் தயார் செய்து வைத்துவிட்டு, "தேதி மட்டும் பாத்து வைங்க மாமா, வந்து அனுப்பறேன்" என்று சொல்லி அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள். தேதி சரியாகத்தான் இருந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பழக்க தோஷம், பதில் எங்கிருந்து வந்தது என்று திரையை மேலே தள்ளிப் பார்த்தேன். அவள் ஏஐயிடம் சொல்லியிருந்ததை எனக்கு நினைவிருக்கும் வரை அப்படியே எழுதுகிறேன்.

'மூன்று வருஷத்துக்கு முன்பு கணவர் வெளிநாடு போனபோது, வேலையை விட்டுவிட்டு அவருடைய பெற்றோருடன் இருக்கச் சொன்னார். அதனால் விட்டேன். இதை எழுதலாம். இனி வருவதை எழுத வேண்டாம், நீ தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். கணவர் என்னோடு பேசி ஐந்து மாதம் ஆகிறது. கம்பெனியில் அவர் இல்லை என்கிறார்கள். மாமாவுக்கும் அத்தைக்கும் தெரியாது. அத்தைக்கு ஆபரேஷன் ஆன நேரம் என்பதால் சொல்லவில்லை. எனக்கு இந்த வேலை கட்டாயம் வேண்டும். ஆனால் கடிதத்தில் அவசரம் தெரியக் கூடாது.'

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் திரையைப் பழையபடி கீழே கொண்டுவந்து வைத்தேன். "சரியா இருக்கா மாமா?" என்று கேட்டாள். "சரியா இருக்கும்மா" என்றேன்.

அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. "நீங்க வாக்கிங் போயிருந்தப்ப பேசினார் மாமா, மாத்திரைய விட்டுடாதீங்கன்னு சொன்னார்" என்று வாரத்துக்கு ஒருதரம் சொல்வாள். சோதிக்க வேண்டும் என்று நாலு நாள் வாக்கிங் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். அந்த வாரம் நான் குளிக்கும்போது பேசினாயாம். உன் குரலை நான் கடைசியாகக் கேட்டது அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று. ஊருக்கெல்லாம் சல்லடையாக இருந்தவன் வீட்டில் ஐந்து மாதம் ஓட்டைச் சட்டியாக இருந்திருக்கிறேன்.

உன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. கம்பெனிக்குப் போன் செய்தேன். நீயாக விலகிவிட்டாய் என்றும் அதற்கு மேல் சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். பழைய பார்சல் அட்டை ஒன்றில் உன் அறை நண்பனின் விலாசமும் நம்பரும் இருந்தன. அவனைக் கூப்பிட்டு, உன்னைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியாதுப்பா" என்றான். தெரியாதவன் உடனே சொல்லிவிடுவான். எத்தனையோ பேரை எதிரில் உட்கார வைத்துக் கேட்டவன் நான், அந்த இடைவெளி எனக்குத் தெரியும். நீ இருக்கிறாய். அவனுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறாய். அந்த மட்டில் அன்றைக்கு நான் நிம்மதியாக மூச்சு விட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்கு மேல் என் சந்தேகம் போகாத இடமில்லை. வேலையில் ஏதாவது தப்பு நடந்து வெட்கமா? உடம்புக்கு ஏதாவதா? இல்லை, வேறு ஒரு வீடா? ஒன்றை நம்பினால் மற்றது நடுவில் வந்து நிற்கிறது. எதுவானாலும் கேட்டுக்கொள்ளும் வயதுதான் எனக்கு. தெரியாமல் இருக்கத்தான் முடியவில்லை.

எனக்குத் தெரியும் என்பதை உன் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் நீ பேசியதாகச் சொன்னால் நானும், "அப்படியா, என்ன சொன்னான்?" என்று கேட்கிறேன். போன வாரம் உன் அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அவளுக்குப் பொய் சொல்லவே வரலங்க. நான்தான் நம்பற மாதிரி இருக்கேன்" என்றாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். "அவன் எனக்குக் கால் எப்படி இருக்குன்னு கேட்டானாம். எந்தக் கால்னு கூட அவன் இதுவரைக்கும் கேட்டதில்ல" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றித் தேய்த்தேன்.

உன் மனைவிக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. படம் வரைந்து அனுப்பிவிட்டாள். அந்த அம்மாளுக்குப் பிடித்துப்போய், தன் தங்கை வீட்டுக்கும் வரையச் சொல்லியிருக்கிறாள். இன்னும் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் கதவைச் சாத்துவதில்லை.

நேற்று ஒன்று கேட்டாள். பெரிய திரை வாங்கப் போகிறாளாம், வைக்க இடம் வேண்டுமாம். ஜன்னலோரம் இருக்கும் உன் மேசையைக் காலி செய்து, உன் பொருள்களை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் வைக்கலாமா என்று. கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மாதக் கடைசி வரை பொறும்மா என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அதற்கு மேல் அவளைப் பொறுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அது அவள் சம்பாதித்துக்கொண்ட இடம். பெட்டியை நானே தூக்கிக் கொடுப்பேன்.

நீ எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள். எங்களுக்கு எழுதுவது கஷ்டமாக இருந்தால் எழுத வேண்டாம். அவளுக்கு எழுது. காரணம் சொல்ல வராவிட்டால் இருக்கிறேன் என்று மட்டுமாவது எழுது. இன்று தேதி பத்தொன்பது.

நல்லபடியாக இருக்க வேண்டும் என்று எப்போதும் நினைக்கிற
அப்பா