தங்கைக்கு மாட்டிய புதுக் கண்ணாடி

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் தங்கையும் குழந்தையும்கூட. மேலே படித்துவிட்டு நீ பதறக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே எழுதிவிட்டேன். போன வாரம் நீ போனில் கேட்டபோது அவள் தூங்குகிறாள் என்றேன் அல்லவா, அப்போது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நிறைமாதக்காரியான உன்னிடம் எப்படிச் சொல்வது?

பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த சில நாளில், தலையைப் பிளக்கிறது, கண் முன்னால் ஏதோ மின்னுகிறது என்றாள். கண் என்ற சொல் காதில் விழுந்தால் போதாதா உன் அப்பாவுக்கு? கண்ணாடிக் கடைக்காரர் ஆயிற்றே! எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, பவர் ஏறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடியே மாட்டிவிட்டார். அவள் முகம் வீங்கியிருந்ததற்கும் ஃபிரேம் இறுக்கம் என்று காரணம் சொன்னார். நானும் தூக்கம் கெட்டால் தலை வலிக்கத்தானே செய்யும் என்று ஒத்து ஊதினேன். மறுநாள் காலை குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள், கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பல்லுக்கிடையில் வைக்கக் கரண்டியோடு ஓடினேன், சின்ன மாப்பிள்ளை தடுத்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவர், வேலையில் முதலுதவி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாயில் எதையும் வைக்காமல், அழுத்திப் பிடிக்காமல், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்த அழுத்தம் எங்கேயோ நிற்கிறது. கர்ப்பத்தில் சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவமான சில வாரங்களுக்குள் இப்படி ஏறி வலிப்பு வரலாமாம். மெக்னீசியம் மருந்தை ஏற்றி, அழுத்தம் இறங்கவும் மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து ஏறும்போது உடம்பு அடுப்பாய்க் காய்கிறது என்று அவள் டாக்டரைத் திட்டத் தொடங்கியதும்தான் எனக்குப் போன உயிர் வந்தது. இப்போது மாத்திரையோடு நன்றாக நடமாடுகிறாள். அந்தப் புதுக் கண்ணாடியைப் போட்டால்தான் கண் மங்குகிறதாம்!

அடுத்த மாதம் உன் முறை. வீட்டுக்கு வந்த பிறகும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், எனக்கு இப்போதுதான் பிரசவமானது என்று முதலில் அதைச் சொல். இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரரிடமும் கொடு. வலிப்பு வந்தால் உன்னால் வாய் திறக்க முடியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தாயும் சேயும் நல்லபடியாக இருந்து நூறாண்டு வாழுங்கள். உன் அப்பா உங்களுக்குத் தும்மல் வந்தாலும் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்கிறவர். இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். "தலை வலிச்சா எனக்குப் போன் பண்ணாதம்மா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ."

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா